கடைசியாக எது நடந்தது?

(ஓசூரில் சிறுதொழில் முனைவோரும் சிஎன்சி ஆபரேட்டர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சிப்காட்டிலோ சிட்கோவிலோ ஒரு பட்டறை. ஐந்தாறு சிஎன்சி மிஷின்கள். கண்ணாடி போட்ட ஆபீஸ் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓர் எஃப்டிபி சர்வர். ஆபீஸில் எழுதிய புரோகிராம் அதன் வழியாக மிஷினுக்குப் போகிறது. ஒரு நாள் காலை அது போகவில்லை. ஏன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் பேசப் போகிறேன்.

அந்தக் காலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆபரேட்டர் வந்து, "அண்ணா, புரோகிராம் வர மாட்டேங்குது" என்பார். சூப்பர்வைசர் சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்வார். ஒருவர் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். இன்னொருவர் ஐபியை மாற்றுவார். மூன்றாமவர் ஃபயர்வாலை அணைப்பார். கடைசியில் பெங்களூரில் இருக்கும் சர்வீஸ்காரருக்கு போன் போகும். அவர் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலையும் அத்திப்பள்ளி டோலையும் தாண்டி வந்து சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரமாகிவிடும். அதற்குள் மூன்று பேரும் மூன்று இடத்தில் கைவைத்துவிட்டதால், முதலில் இருந்த ஒரு கோளாறு நான்காகியிருக்கும்.

நாம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன ஆகலை?" என்பது. எந்தக் கோளாறாக இருந்தாலும் அதற்குப் பதில் ஒன்றுதான்: புரோகிராம் வரலை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. "கடைசியா எது சரியா நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்ததா, சர்வர் பதில் சொன்னதா, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டதா, ஃபைல் பட்டியல் வந்ததா? கடைசியாக நடந்த காரியத்துக்கும் நடக்காமல் போன முதல் காரியத்துக்கும் இடையில்தான் கோளாறு இருக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

காகித நாடாவிலிருந்து கேபிள் வரை

தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தை 1971இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே வந்தன. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி ஷாஃப்ட், புஷ், பிராக்கெட் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் முளைக்கும். இன்று இந்தப் பக்கம் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரையிலும், எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி வரையிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. கஸ்டமர் டிராயிங்கை மெயிலில் அனுப்புகிறார். ஆபீஸில் ஒருவர் அதை ஜி கோடாக மாற்றுகிறார். அந்தக் கோடு ஆபீஸிலிருந்து மிஷினுக்கு முப்பது, நாற்பது மீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

அந்தப் பயணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் ஓட்டை போட்ட காகித நாடாவில் போயிற்று. ஓர் அங்குல நாடாவில் பத்து எழுத்து. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 400 எழுத்து. உங்கள் பழைய கன்ட்ரோலர்களின் நினைவகத்தை இன்றைக்கும் 80 மீட்டர், 320 மீட்டர் என்று சொல்கிறார்களே, அந்த மீட்டர் காகித நாடாவின் மீட்டர். 80 மீட்டர் என்றால் சுமார் 32 கிலோபைட். பிறகு ஆர்எஸ்-232 கேபிள் வந்தது. பிறகு சிஎஃப் கார்டு, பென்டிரைவ். அதன்பின் ஈதர்நெட்.

பென்டிரைவ் போதாதா என்று கேட்பவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒரு மிஷின் இருக்கும் வரை போதும். ஆறு மிஷினும் மூன்று ஷிப்ட்டும் வந்துவிட்டால், எந்தப் பென்டிரைவில் எந்த ரிவிஷன் இருக்கிறது என்று சட்டைப்பை சட்டைப்பையாகத் தேட வேண்டியிருக்கும். திருத்திய டிராயிங்குக்குப் பழைய புரோகிராம் ஓடினால் ஒரு லாட் முழுக்க ஸ்கிராப். புரோகிராம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சர்வர் வைக்கிறோம்.

ஓய்வு பெறாத ஒரு முறை

எஃப்டிபி என்ற முறையின் முதல் வரைவை எழுதியவர் ஓர் இந்தியர். அபய் பூஷண் என்பது அவர் பெயர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் 1965இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். ஆர்எஃப்சி 114 என்ற அந்த ஆவணத்தின் தேதி 1971 ஏப்ரல் 16. சிப்காட் பிறந்த அதே ஆண்டு. இன்றைய இணையத்தின் அடித்தளமான டிசிபி முறை புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டது அது. பல திருத்தங்களுக்குப் பின் 1985 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 959தான் இன்றும் அடிப்படை.

வெளி உலகம் இதற்கு விடை கொடுத்துவிட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே 2021இல் எஃப்டிபியைக் கைவிட்டன. ஆனால் 2008இல் வாங்கிய விஎம்சி இன்னும் மைக்ரான் பிசகாமல் வேலை செய்கிறது. அதை விற்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதன் கன்ட்ரோலருக்குத் தெரிந்த மொழி எஃப்டிபி.

விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டர் வைத்துச் சமாளித்த பட்டறைகளும் உண்டு. அங்கே என்ன நடந்தது? 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த வழி, ஃபோல்டர் பகிர்வதற்கான எஸ்எம்பி 1 என்ற பழைய முறை. அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்த பட்டறைகளில் பழைய மிஷின்கள் திடீரென ஃபோல்டரைக் காணவில்லை என்றன. காரணம் இதுதான். எஃப்டிபிக்கு அந்தக் கதி வரவில்லை. அதனால் நமக்கு அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கேட்

அதன் முக்கியமான குணம் ஒன்றைச் சொல்கிறேன். மற்றப் பல முறைகள் ஒரே இணைப்பில் பேச்சையும் சரக்கையும் அனுப்பும். எஃப்டிபி இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளும். நம்மூர்த் தொழிற்சாலையில் ஆள் நுழைய டைம் ஆபீஸ் கேட் ஒன்று, லாரி நுழைய மெட்டீரியல் கேட் ஒன்று இருக்கிறதல்லவா, அதே ஏற்பாடு. பெயர், பாஸ்வேர்டு, "இந்த ஃபைலைக் கொடு" என்ற கட்டளை எல்லாம் 21ஆம் எண் கேட்டில் நடக்கும். ஃபைல் அந்த வழியாக வராது. அதற்கு ஒவ்வொரு முறையும் தனியாக இன்னொரு கேட் திறக்கும். ஃபைல் பட்டியலும் சரக்குதான். அதுவும் இரண்டாவது கேட் வழியாகத்தான் வரும்.

அந்த இரண்டாவது கேட்டை யார் திறப்பது என்பதில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது. ஆக்டிவ் முறையில், மிஷின் தன் பக்கத்தில் ஒரு கேட்டைத் திறந்துவைத்து, "இங்கே கொண்டுவா" என்று சொல்லும். சர்வர் தன் 20ஆம் எண்ணிலிருந்து அங்கே போகும். பாசிவ் முறையில், சர்வர் ஒரு கேட்டைத் திறந்து, "நீயே வந்து எடுத்துக்கொள்" என்று சொல்லும். ஃபயர்வால் புழக்கத்துக்கு வந்தபின், வெளியிலிருந்து உள்ளே வரும் எதையும் அது தடுக்கத் தொடங்கியது. ஆக்டிவ் முறை தடுமாறியது. எனவே கேட்கும் பக்கமே பாசிவ் முறையைப் பயன்படுத்தட்டும் என்று 1994 பிப்ரவரியில் ஸ்டீவன் பெல்லோவின் ஆர்எஃப்சி 1579இல் பரிந்துரைத்தார்.

நம் பட்டறையில் இது எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்படும். பிறகு பட்டியல் வராமல் திரை அப்படியே நிற்கும். "லாகின் ஆகுது, லிஸ்ட் வரலை" என்று யாராவது சொன்னால் கேபிளைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். முதல் கேட் வேலை செய்கிறது. இரண்டாவது கேட் அடைபட்டிருக்கிறது. சர்வர் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் 21ஐ மட்டும் திறந்துவிட்டு, பாசிவ் கேட்டுகளைத் திறக்காமல் விட்டிருப்பார்கள். சர்வரின் அமைப்பில் பாசிவ் எண்களுக்கு ஒரு வரம்பு கொடுங்கள், 50000 முதல் 50050 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபைல்ஜில்லாவில் போட்டுப் பார்த்தால் வருகிறது, விண்டோஸோடு வரும் கறுப்புத் திரை எஃப்டிபி கட்டளையில் வரவில்லை என்று குழம்புவார்கள். ஃபைல்ஜில்லா பாசிவ் முறையில் பேசும். அந்தக் கறுப்புத் திரைக்கு ஆக்டிவ் மட்டும்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு சோதனை. உங்கள் மிஷின் எந்த முறையில் பேசுகிறது என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொண்டு அதே முறையில் சோதியுங்கள்.

எண்ணில் பேசும் சர்வர்

இன்னொரு குணம், நம்மூருக்கென்றே செய்ததுபோல் இருப்பது. எஃப்டிபி சர்வர் ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். கூடவே ஓர் ஆங்கில வாக்கியமும் வரும். வாக்கியம் சர்வருக்கு சர்வர் மாறும்; எண் மாறாது. எண் இயந்திரம் படிப்பதற்கு, வாக்கியம் மனிதர் படிப்பதற்கு என்றுதான் வடிவமைத்தார்கள்.

நம் பட்டறைகளில் ஒரு ஷிப்ட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று ஐந்து மொழி கேட்கிறது. ஆங்கில வாக்கியம் எல்லோருக்கும் ஒரே அளவில் புரியாது. எண் எல்லோருக்கும் புரியும். முதல் இலக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். 1 என்றால் தொடங்கிவிட்டேன். 2 என்றால் முடித்துவிட்டேன். 3 என்றால் இன்னும் ஒன்று சொல். 4 என்றால் இப்போது முடியாது, மறுபடி முயன்று பார். 5 என்றால் இப்படிக் கேட்டால் தர மாட்டேன், கேட்பதை மாற்று.

சரியாக நடக்கும் ஓர் உரையாடலைச் சொல்கிறேன். 220, வந்தாயா, தயாராக இருக்கிறேன். பெயர் சொன்னால் 331, பாஸ்வேர்டு சொல். சொன்னால் 230, உள்ளே வா. பாசிவ் கேட்டால் 227. அதோடு அடைப்புக்குறிக்குள் ஆறு எண் வரும்: 192,168,1,10,195,80. முதல் நான்கும் சர்வரின் முகவரி. கடைசி இரண்டும் கேட் எண்: 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் 50000. பட்டியல் கேட்டால் 150, தொடங்குகிறேன். முடிந்ததும் 226.

அந்த ஆறு எண்ணைக் கவனித்தாலே ஒரு மறைந்த கோளாறு வெளியே வரும். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தாலோ, யாராவது ஒரு காலத்தில் வெளி முகவரியை அதன் அமைப்பில் எழுதி வைத்திருந்தாலோ, மிஷினால் எட்ட முடியாத ஒரு முகவரியை சர்வர் சொல்லும். ஆபீஸில் இருக்கும் ஃபைல்ஜில்லா கெட்டிக்காரன். இந்த முகவரி சரியில்லை என்று சில நேரம் தானே திருத்திக்கொள்ளும். கன்ட்ரோலருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சொன்ன முகவரிக்குப் போய்க் காத்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான மிஷின்களின் திரை இந்த எண்களைக் காட்டாது. அலாரம் ஒன்றை மட்டும் காட்டும். சர்வரின் லாக் இவற்றை எழுதி வைத்திருக்கும். புரோகிராம் வரவில்லை என்றதும் முதலில் ஓட வேண்டிய இடம் அந்த லாக். மிஷினின் முகவரியே லாக்கில் இல்லை என்றால் அழைப்பு சர்வரை வந்தடையவே இல்லை. 530இல் நிற்கிறது என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 425 என்றால் இரண்டாவது கேட் திறக்கவில்லை. 426 என்றால் நடுவழியில் அறுந்துவிட்டது. 550 என்றால் கேட்ட ஃபைல் இல்லை, அல்லது தொட உரிமை இல்லை. 452 என்றால் டிஸ்க்கில் இடம் இல்லை.

421 என்று ஒன்று உண்டு. காலை ஷிப்ட்டில் அடிக்கடி வரும். இரவில் வேலை முடிந்ததும் மிஷினை நேராக பிரேக்கரில் அணைத்துவிடுகிறோம். மிஷின் போய்விட்டது என்று சர்வருக்குத் தெரியாது. அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். ஒரு பெயரில் இத்தனை இணைப்புதான் என்று வரம்பு வைத்திருந்தால், காலையில் புதிதாக வரும் மிஷினிடம் இடமில்லை என்று சொல்லிவிடும். சும்மா இருக்கும் இணைப்பை எத்தனை நிமிடத்தில் துண்டிப்பது என்ற அமைப்பைக் குறைத்து வையுங்கள். மிஷினுக்கு மிஷின் தனிப் பெயர் கொடுங்கள். லாக்கில் யார் வந்தார் என்றும் தெரியும்.

லாக்கில் ஒன்றுமே இல்லை என்றால்

அப்போது கீழிருந்து தொடங்க வேண்டும். மிஷின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மேலே எதையும் பார்க்காதீர்கள். கேபிள், ஜாக், ஸ்விட்ச், மின்சாரம் இவற்றில்தான் காரணம் இருக்கிறது. செம்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. நீளமான ஷெட்டில் கூரையோரம் சுற்றிக் கொண்டுபோனால் அது சீக்கிரம் வந்துவிடும். நடுவில் கம்பியை முறுக்கி டேப் ஒட்டியிருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கி எறியுங்கள்.

விளக்கு எரிகிறது, அடுத்தது முகவரி. சர்வரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க யாரும் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு காரணம் பிராட்பேண்ட் ரவுட்டர். இணையம் சரியில்லை என்று ரவுட்டரை மாற்றுகிறார்கள். பழையது 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 192.168.1 வரிசையில் கொடுக்கிறது. சர்வர் புது வரிசைக்குப் போய்விடும். மிஷின்களில் கையால் எழுதிய பழைய முகவரி அப்படியே இருக்கும். இணையத்தைச் சரிசெய்தவருக்கு மிஷின் நின்றது தெரியாது. மிஷின் நின்றதைப் பார்ப்பவருக்கு ரவுட்டர் மாறியது தெரியாது. சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள். முடிந்தால் மிஷின்களுக்குத் தனி ஸ்விட்ச்சே வைத்து, ரவுட்டரிலிருந்து பிரித்துவிடுங்கள்.

முகவரி சரி, அடுத்தது பிங். பதில் வந்தால் பாதை சரி. பதில் வராவிட்டால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். விண்டோஸ் தன் நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டால் பிங்குக்குப் பதில் சொல்லாது; எஃப்டிபியையும் மறைத்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகோ ஸ்விட்ச்சை மாற்றிய பிறகோ 'பிரைவேட்' என்றிருந்தது 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது 21ஆம் கேட். இங்கே இரண்டு விதமான தோல்வியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்ட மறுநொடியே மறுப்பு வந்தால், கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, சர்வர் மென்பொருள் ஓடவில்லை. நெடுநேரம் காத்திருந்து கைவிட்டால், ஃபயர்வால் விழுங்கிவிட்டது அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லை. மறுப்புக்கும் மௌனத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. மறுப்பு வருவதற்கு நம்மூரில் ஓர் எளிய காரணம் உண்டு. கரண்ட் போய் வந்திருக்கும். கம்ப்யூட்டர் எழுந்து பாஸ்வேர்டு திரையில் நிற்கும். சர்வர் மென்பொருளை சர்வீஸாகப் போடாமல் சாதாரண புரோகிராமாகப் போட்டிருந்தால், யாராவது உள்ளே நுழையும் வரை அது ஓடாது. ஞாயிற்றுக்கிழமை மின்தடை, திங்கட்கிழமை காலைக் கோளாறு.

வந்த ஃபைல் சரிதானா?

226 வந்துவிட்டது, ஃபைலும் வந்துவிட்டது, மிஷின் அலாரம் அடிக்கிறது. இப்போது கோளாறு கேபிளிலும் இல்லை, கேட்டிலும் இல்லை, ஃபைலுக்குள் இருக்கிறது. வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒன்று வைக்கும். எஃப்டிபியின் ஆஸ்கி முறை இடத்துக்கேற்ப அதை மாற்றிக் கொடுக்கும். பைனரி முறை உள்ளதை உள்ளபடி கொடுக்கும். கன்ட்ரோலர் எதை எதிர்பார்க்கிறதோ அதை ஒருமுறை சோதித்து நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

நோட்பேடில் திருத்தும்போது பெயருக்குப் பின்னால் '.டெக்ஸ்ட்' வால் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டும். கண்ணுக்கு ஃபைல் இருக்கிறது, சர்வர் 550 என்கிறது. சர்வர் சொல்வது உண்மை. நம் கண்தான் ஏமாறுகிறது. லினக்ஸ் சர்வர் என்றால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயர். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேரும். முதல் எழுத்தாகச் சதவீதக் குறியை எதிர்பார்க்கும் கன்ட்ரோலர் அதைக் கண்டு மிரளும். ஆபரேட்டருக்குப் புரியட்டும் என்று அடைப்புக்குறிக்குள் தமிழில் குறிப்பு எழுதுவது நல்ல எண்ணம்தான். பல கன்ட்ரோலர்கள் அதை ஏற்காது. குறிப்பைச் செட்டிங் ஷீட்டில் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பாதி வந்த ஃபைல். 426 வந்திருந்தால் அந்த ஃபைலை ஓட்டாதீர்கள், அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். சர்வரில் உள்ள அளவும் மிஷினுக்கு வந்த அளவும் ஒத்துப்போகிறதா, எம்30யும் கடைசிச் சதவீதக் குறியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஸ்பிண்டில் மோதினால் ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும்.

சின்னப் புரோகிராம் வருகிறது, பெரிய மோல்டு புரோகிராம் மட்டும் ஊர்கிறது அல்லது அறுந்துபோகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, ஸ்பிண்டில் டிரைவின் பவர் கேபிளோடு ஈதர்நெட் கேபிளையும் ஒரே டிரேயில் கட்டியிருப்பது. மிஷின் நிற்கும்போது வேகமாக வருகிறது, ஸ்பிண்டில் சுற்றும்போது தடுமாறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பிரித்துப் போடுங்கள். இரண்டு, வேகப் பொருத்தம். ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் போய் உட்காரும். பிங் சரியாக வரும், ஃபைல் நகராது. இரு பக்கமும் ஆட்டோ, அல்லது இரு பக்கமும் ஒரே நிலையான அமைப்பு.

கதவைத் திறந்து போடாதீர்கள்

எஃப்டிபியில் பாஸ்வேர்டு பூட்டில்லாமல் வெறும் எழுத்தாகவே போகிறது. நான்கு சுவருக்குள் தனி ஸ்விட்ச்சில் இருக்கும் வரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம். "பெங்களூர் கஸ்டமர் நேரா டிராயிங் போடட்டும்" என்று ரவுட்டரில் 21ஐத் திறந்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது உங்கள் டிராயிங் அல்ல, கஸ்டமரின் சொத்து. வெளியிலிருந்து வருவதற்கு எஸ்எஃப்டிபி இருக்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு முறை. 22ஆம் கேட் ஒன்றிலேயே எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும். பழைய கன்ட்ரோலர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாது. அதனால் வெளி உலகத்துக்கு எஸ்எஃப்டிபி, ஷாப் ஃப்ளோருக்கு எஃப்டிபி, நடுவில் ஒரு மனிதர் பார்த்து மாற்றிப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்தே வரும் ஆபத்தும் உண்டு. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலைகளில் உற்பத்தி தடைப்பட்டது. வானாகிரையின் ஒரு வகை காரணம். புது இயந்திரம் ஒன்றில் மென்பொருள் நிறுவும்போது அதைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்ததால் பரவியது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. உலகின் பெரிய சிப் நிறுவனத்துக்கே அந்த நிலை. சர்வீஸுக்கு வருபவர் லேப்டாப்பை உங்கள் ஸ்விட்ச்சில் செருகும் முன் ஒரு கேள்வி கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. "சார், ஸ்கேன் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

ஓடும்போதே எழுதுங்கள்

நான் சொன்னதில் எதுவும் இன்ஜினியருக்கு மட்டும் உரியதல்ல. விளக்கைப் பார்ப்பதும், லாக்கில் கடைசி எண்ணைப் படிப்பதும் ஆபரேட்டர் செய்யக்கூடிய காரியம். நம் பட்டறைகளில் இந்த அறிவு ஒரே ஒருவரின் தலையில் இருக்கிறது. அவர் லீவு போட்டாலோ, எல்லை தாண்டி நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டாலோ சர்வர் அநாதையாகிவிடுகிறது. முதலாளிமார்களுக்கு என் வேண்டுகோள்: ஷிப்ட்டுக்கு ஒருவருக்காவது லாக்கைத் திறந்து பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். மாற்றும் உரிமை வேண்டாம்; பார்க்கும் உரிமை போதும்.

கோளாறு வந்த பிறகு கண்டுபிடிப்பதை விட எளிது, எல்லாம் சரியாக இருக்கும் நாளில் எழுதி வைப்பது. நாளைக்கே செய்யுங்கள். சர்வரின் முகவரி, ஒவ்வொரு மிஷினின் முகவரி, ஆக்டிவா பாசிவா, ஆஸ்கியா பைனரியா, பாசிவ் கேட் எண்களின் வரம்பு, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, ஒரு புரோகிராம் ஒழுங்காக வரும்போது லாக்கில் பதிவாகும் எண்களை அதே வரிசையில் எழுதுங்கள்: 220, 331, 230, 227, 150, 226. பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து ஸ்விட்ச் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

அடுத்த முறை புரோகிராம் நின்றால், தாளில் உள்ள வரிசையையும் லாக்கில் உள்ள வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் இரண்டும் பிரிகிறதோ அங்கே கைவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதன் பிறகும் முடியவில்லை என்றால் தாராளமாக பெங்களூருக்கு போன் செய்யலாம். ஆனால் அந்த போனில் "வரலை சார்" என்று சொல்லாதீர்கள். "227 வரைக்கும் வருது சார், அதுக்கு அப்புறம் நிக்குது" என்று சொல்லுங்கள். பாதி நாட்களில் அவர் வண்டியை எடுக்காமலேயே வேலை முடிந்துவிடும்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேட்பவர்கள், கடைசியாக எது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.